மதலேனாவின் மற்றக் கண்

பேசாலைக் கரையில் மதலேனா நண்டு கழற்றுகிறார். விடியற்காலையில் படகு வந்ததும் வலையைச் சுற்றி உட்காரும் பெண்களில் ஒருவர். தலைமயிர் போன்ற நைலோன் நரம்பு வலையில் எட்டுக் காலும் இரண்டு கொடுக்குமாகச் சிக்கிக் கிடக்கும் நண்டை, ஒரு காலும் உடையாமல் எடுக்க வேண்டும். கால் உடைந்தால் வாங்க வருகிறவன் முகத்தைச் சுளிப்பான். கவனம் பிசகினால் மிச்சத்தை நண்டே பார்த்துக்கொள்ளும்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இதைத்தான் செய்கிறார். ஊரில் இதற்குப் பெயர் 'சும்மா இருத்தல்'. வலை கடலில் கிடக்கும்வரை அது புருசன் லோறன்ஸின் தொழில். அதே வலை கரையில் அவர் பெண்சாதியின் மடிக்கு வந்ததும் தொழில் செத்துவிடும்.

மதலேனாவின் இரண்டு கண்களிலும் வெண்புரை விழுந்தபோது, நல்ல காலமாக ஓர் இலவசக் கண் முகாம் வந்தது. வாசலில் பெரிய பதாகை. அதில் கண்ணின் படத்தைவிட, உபயம் செய்தவர்களின் பல் பெரிதாக இருந்தது.

"அம்மா, என்ன வேலை செய்யிறனீங்கள்?" என்று பதிவெழுதிய தாதி மிஸ்ஸி கேட்டார்.

மனைவியிடம் கேட்கப்படும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிப் பழகிய லோறன்ஸ் முந்திக்கொண்டார். "அவ ஒரு வேலைக்கும் போறேல்லை, மிஸ்ஸி. வீட்டிலதான்."

மதலேனாவும் மறுக்கவில்லை. தான் செய்வது வேலை என்று அவருக்கே ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

அந்த ஒரு பதிலில் கண் போயிற்று. புரை பிடித்த வில்லையை எடுத்துவிட்டு வைக்கும் புது வில்லை, பிறந்த கண்ணைப்போல நினைத்தபடி வளைந்து கொடுக்காது. வழக்கமாக வைப்பது ஒரு தூரத்துக்குத்தான் தெளிவு தரும். தூரமா, கிட்டவா என்று முதலே முடிவெடுக்க வேண்டும். வீட்டில் சும்மா இருப்பவருக்குத் தூரம் என்று முடிவாயிற்று. வீட்டிலேயே இருப்பவருக்கு எதற்குத் தூரம் என்று கேட்க அங்கே ஆளில்லை.

முதலில் ஒரு கண்ணுக்கு மட்டும் ஒப்பிறேசன் முடிந்து கட்டு அவிழ்ந்தது. கோயில் கூரைச் சிலுவையில் இருந்த காகம் என்ன தின்கிறது என்றுகூட மதலேனாவுக்குத் தெரிந்தது. கையில் இருந்த நண்டு தெரியவில்லை. மற்றக் கண்ணிலோ முழுப் புகை. பெருவிரலில் கொடுக்கு ஏறியது. கூடையில் கால் உடைந்த நண்டுகள் குவிந்தன.

"மதலேனாக்கா, நண்டைக் கொஞ்சம் தள்ளி வைச்சுப் பாருங்கோவன்," என்றாள் பக்கத்தில் இருந்த புஸ்பம். "மன்னார்ப் பாலத்தில கொண்டுபோய் வைச்சா வடிவாத் தெரியும்!"

கரையே சிரித்தது. மதலேனா சிரிக்கவில்லை.

"தூரம் தெரியுதுதானே, பிறகென்ன?" என்றார் லோறன்ஸ்.

"தூரத்தில எனக்கு என்ன கிடக்கு? உங்கட மூஞ்சிதான் கிடக்கு!"

சில மாதம் கழித்து, மற்றக் கண்ணுக்காகப் பெரியாஸ்பத்திரியில் டொக்டரின் முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். டொக்டர் இளம் பெண். "இதையும் தூரத்துக்கே வைப்பமா அம்மா?"

லோறன்ஸ் தொண்டையைச் செருமினார்.

"வாயைத் திறந்தீங்களெண்டா இதில நடக்கிறது வேற," என்றார் மதலேனா. "கண் என்ரை. டொக்டர், நான் நண்டு கழட்டிறனான். அதுதான் என்ரை வேலை. எனக்குக் கிட்டத் தெரியவேணும்."

"கிட்டப் பார்க்கக் கண்ணாடி போடலாமே?"

"போட்டுப் பாத்தனான். உப்புத்தண்ணி தெறிக்கும். ரெண்டு கையும் வலைக்குள்ள. துடைக்க மூண்டாவது கை எனக்கில்லை."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "செய்யலாம். ஒரு கண் தூரத்துக்கு, மற்றது கிட்டத்துக்கு. ரெண்டும் சேர்ந்து பழக நாளெடுக்கும். சிலருக்குப் பழகவே பழகாது. அப்ப கண்ணாடிதான்."

"நான் இவரோடயே பழகினனான், டொக்டர். இது பழகாதே?"

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நண்டை எவ்வளவு கிட்டப் பிடிப்பீர்கள் என்று கேட்டார். மதலேனா கதிரையில் குனிந்து, இல்லாத வலையை மடியில் விரித்து, இல்லாத நண்டைப் பிடித்துக் காட்டினார். முகத்துக்கும் கைக்கும் இடையில் டொக்டர் அளவு எடுத்தார். லோறன்ஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்பிறேசன் முடிந்தது. உப்புத்தண்ணி படலாம் என்று டொக்டர் சொன்ன பிறகே மதலேனா கரைக்கு வந்தார். முதலில் கொஞ்ச நாள் கை குறி தவறியது, தலை சுற்றியது, வாயில் வந்ததெல்லாம் வசவு. பிறகொரு விடியலில் அவர் தூக்கிய நண்டு எட்டுக் காலும் இரண்டு கொடுக்கும் முழுதாகக் கூடைக்குள் விழுந்து ஓடப் பார்த்தது.

லோறன்ஸ் பக்கத்தில் வந்து நின்றார். "இஞ்சரப்பா, இப்ப எல்லாம் சரிதானே? கோவம் போயிட்டுதோ?"

மதலேனா நிமிரவில்லை. அடுத்த நண்டின் கொடுக்கை மடக்கினார்.

"அது போகாது. சும்மா நிக்காமல் வலையின்ரை அந்தப் பக்கத்தை இழுத்துப் பிடியுங்கோ."