முனிலட்சுமியின் ஐந்தாம் கிரேடு

முனிலட்சுமியைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கொன்ற பூதங்களிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மூன்று வருடத்தில் நாற்பத்தேழு. எல்லாம் காகிதத்தில்தான். ஆனால் அதை அவள் காதுபடச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீடு போனவன் ஓசூரில் கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சிப்காட்டில் ஒரே கம்பெனியில் நாங்கள் நான்கு பேர். டூல்ரூம் நாராயணப்பன் பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிழிந்த பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். உள்ளே ஓர் ஆட்டத்தின் ஆங்கிலப் புத்தகம். ஒருவர் கதை சொல்ல வேண்டும்: குகைவாசலில் நிற்கிறீர்கள், உள்ளே உறுமல் கேட்கிறது. மற்றவர்கள் ஆளுக்கொரு வீரர். என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். பிழைத்தால் வீரர் ஒரு படி ஏறுவார், செத்தால் அவருடைய காகிதத்தைக் கிழித்துவிடுவோம். படியை நாங்கள் கிரேடு என்றோம். பெட்டியில் பகடை இல்லை. நாராயணப்பன் பித்தளைத் துண்டில் இருபது முகத்தோடு ஒன்றைக் கடைந்தே கொண்டுவந்துவிட்டார். அது காலில் விழுந்து எனக்கு நகம் போனது தனிக்கதை.

ஞாயிறுதோறும் நான் குடியிருந்த வீட்டுக்கார வெங்கடம்மாளின் முன்வாசலில் ஆட்டம். முனிலட்சுமியின் வீரர் செம்பருந்து, வில்லாளி. முதல் புத்தகத்தில் ஐந்தாம் கிரேடுதான் உச்சம். அங்கே போய் நின்றவள் எங்களில் அவள் ஒருத்திதான்.

கம்பெனியில் அவள் கதை வேறு. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரி, பேக்கிங்கில் டெம்பரவரி. தொடர்ந்து வேலை கொடுத்தால் நிரந்தரம் கேட்பார்கள் என்று ஏழாவது மாதம் நிறுத்துவார்கள். பத்து நாள் கழித்துப் புது டோக்கன் கொடுத்துப் புது ஆளாகச் சேர்ப்பார்கள். அதற்குப் பெயர் பிரேக். ஆறு வருடத்தில் அவளுக்குப் பத்து டோக்கன். பத்து முறையும் விண்ணப்பத்தில் முன் அனுபவம் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். நான் யூனியன் கமிட்டியில் இருந்தவன். கேட்கும்போதெல்லாம் அடுத்த ஒப்பந்தத்தில் பார்க்கலாம் என்றார்கள், நாங்களும் தலையாட்டிவிட்டு எழுந்து வந்தோம். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஞாயிறு காலை நாராயணப்பன் பெங்களூர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கையைத் தூக்கிக் காட்டினார். ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கங்கப்பன் அதைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலேயே ஆடினான். வாசலுக்கு வந்ததும் புது வண்டிக்குச் செய்வதுபோலப் புத்தகத்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்தான். எலுமிச்சம்பழத்தை நறுக்கப் போனவனை நான்தான் தடுத்தேன், சாறு படத்தில் தெறிக்குமே. முதல் பாகம் முழுக்கக் குகை. இதில் காடு, கடல், பறக்கும் கப்பல். இரண்டு பிள்ளை பெற்றவன் நான், கப்பல் படத்தைப் பார்த்து விசில் அடித்தேன்.

"இந்தக் காட்டுல ஆனை இருக்குதுங்களாண்ணா?" என்றாள் முனிலட்சுமி.

"இருக்கும்மா. மூணு தந்தம்" என்றார் நாராயணப்பன்.

"ரெண்டு தந்தத்துக்கே எங்க ராகிக் கொல்லை தாங்கல" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம்தான் அவர் ஏழாம் பக்கத்தைப் படித்தார். பழைய வீரர்கள் காட்டுக்குள் வர முடியாது. எல்லோரும் முதல் கிரேடில் புதிதாகச் சேர வேண்டும்.

"அப்ப செம்பருந்து?"

"முன்ன செஞ்சது எதுவும் சேராதும்மா."

அவள் செம்பருந்தின் காகிதத்தை நான்காக மடித்தாள்.

"பிரேக்குங்களா" என்றாள். "இங்கியுமா?"

எனக்கு வந்ததே கோபம்.

"யோவ், மூணு வருஷ சர்வீஸ் அது. யாரைக் கேட்டு ரத்து பண்ணுற?"

"நான் என்னப்பா பண்றது, புக்குல போட்டிருக்கான்."

"புக்குல போட்டிருந்தா? எவன் போட்டாலும் பேசித்தான் தீரணும்."

பகடையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒப்பந்தம் ஆகும்வரை உருட்டுவதில்லை, வேலைநிறுத்தம். கங்கப்பன் நடுவாசலில் நின்று "ஏழாம் பக்கம் ஒழிக" என்று கோஷம் போட, எந்தக் கம்பெனியில் ஸ்ட்ரைக் என்று வெங்கடம்மாள் பதறிப்போய் வெளியே வந்தார். நாராயணப்பனும் சளைக்கவில்லை. அசல் மேனேஜ்மென்ட் மாதிரி கால்மேல் கால் போட்டு, "ஒரு கிரேடு தரலாம், பரிசீலிக்கிறேன்" என்றார். டீ வந்தது. இரண்டு என்றார். கங்கப்பன் வெளிநடப்பு செய்தான், போண்டா வந்ததும் திரும்பினான். இரண்டு மணி நேரம் பேசிக் கடைசியில் ஐந்து கிரேடும் தந்தார். பதிலுக்கு, முதல் ஆட்டத்திலேயே மூன்று தந்த யானையை அவர் இறக்குவார், நாங்கள் முறையிடக் கூடாது.

கார்பன் வைத்து நான்தான் எழுதினேன். கை பழக்கத்தில் கம்பெனி பாஷைதான் வந்தது: செம்பருந்து என்பவர் தமது முந்தைய பணிக்காலம் முழுவதும் இடைவெளியின்றிக் கணக்கில் கொள்ளப்பட்டு, ஐந்தாம் கிரேடில் பணி நிரந்தரம் செய்யப்படுகிறார்.

முனிலட்சுமி அதை விரல் வைத்துப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"அண்ணா, ஒரு காப்பில மட்டும் என் பேரு போட்டுத் தர்றீங்களா? வூட்ல வெச்சிக்கிறேன்."

நாராயணப்பன் பேனாவை வாங்கி, செம்பருந்தை அடித்துவிட்டு முனிலட்சுமி என்று எழுதி, அதிகாரி இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"டோக்கன் நம்பர் போடட்டுமா?"

"வேணாங்ணா. பேரே போதும்."

அன்று யானை கங்கப்பனையும் என்னையும் கால் மணி நேரத்தில் மிதித்துக் கொன்றது. அவள் மட்டும் அதைச் சண்டைக்கே இழுக்காமல், தன் ஊரில் செய்வதுபோலத் தகரத்தைத் தட்டித் தட்டி மலைக்கு அந்தப் பக்கம் ஏற்றிவிட்டாள். நாங்கள் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது.

மறுநாள் முதல் ஷிஃப்டுக்கு கேட்டில் நுழையும்போது பேக்கிங் பெண்கள் பதினோரு பேர் என்னை வளைத்துக்கொண்டார்கள். எல்லோரும் டெம்பரவரி. முன்னால் நின்ற சென்னம்மாள்தான் கேட்டாள்.

"அண்ணா, உங்க ஆட்டத்துல ஆள் எடுக்கறாங்களாமே?"