நான்காம் வாசல் பேசாதபோது

2009 டிசம்பர் ஐந்து, சனிக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால். ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் ஒரு விழா மண்டபம். நத்தார் என்ற கிறிஸ்துமஸ் விழாவின் இசை நிகழ்ச்சிக்குச் சனம் வந்துகொண்டே இருக்கிறது. முன்வாசலுக்கு மேலே உள்ள திரையோ இருபது நிமிடமாக 312 என்ற எண்ணிலேயே நிற்கிறது.

அந்த எண்ணுக்குப் பொறுப்பானவர் பேர்பெச்சுவா. வயது முப்பத்தொன்பது, சொந்த ஊர் இலங்கையின் மன்னார் வங்காலை. பள்ளியில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவர். 1996இல் அகதியாக ஜெர்மனிக்கு வந்தார். ஒன்பது ஆண்டுகள் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். பிறகு மூன்று முறை விண்ணப்பம் போட்டு, இரண்டு ஆண்டுக் கணினிப் பயிற்சிக்கு இடம் வாங்கினார். வகுப்பில் அவர்தான் மூத்தவர். உணவகத்தில் சமையல்காரராக இருக்கும் கணவர் ராசன், "எனக்கு ஒண்டும் விளங்காது. ஆனா நிப்பாட்டாதையும்," என்பார்.

ஜூன் மாதம் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தார். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிய இன்னும் பத்து நாள். நிரந்தர வேலையா, வீட்டுக்கா என்பதை முதலாளி கிறேமர் இந்த மண்டபத்தை வைத்துத்தான் முடிவெடுப்பார்.

வேலையைச் சொல்வது சுலபம். மண்டபத்துக்கு நான்கு வாசல். ஒவ்வொன்றிலும் ஒரு கருவி. உள்ளே போனவர்களில் வெளியேறியவர்களைக் கழித்து, எண் மாறும்போதெல்லாம் அது அனுப்பும். நான்கு பக்கமிருந்தும் ஓடி வரும் எண்களைச் செர்வரில் ஒன்றுசேர்த்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். 1,200 பேருக்கு மேல் உள்ளே விடக் கூடாது. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைச் செர்வரில் ஓடவிடும் நோட் என்ற மென்பொருள் அந்த ஆண்டுதான் வந்திருந்தது. அதையே பயன்படுத்தலாம் என்று கிறேமரைச் சம்மதிக்க வைத்தவரும் பேர்பெச்சுவாதான்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். இருக்கைகள் நிறைந்து, சுவரோரமெல்லாம் ஆட்கள் நின்றார்கள்.

"பிள்ளை, இது முந்நூற்றுப் பன்ரண்டோ? நான் விட்ட சனமே அதுக்கு மேலை," என்றார் முன்வாசல் காவலர் யாகோப்பு. யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர், ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்.

மடிக்கணினியைத் திறந்ததும் பிழை தெரிந்தது. மழை தொடங்கியபின் நான்காம் வாசலான முற்றத்து வாசலை யாரும் பயன்படுத்தவில்லை. அங்கிருந்து எண்ணும் வரவில்லை. அவர் எழுதிய நிரலோ, நான்கு வாசலிலிருந்தும் ஒவ்வொரு புது எண் வந்தால்தான் கூட்டும். மற்ற மூன்று வாசல்களின் எண்களும் வரிசையில் காத்துக் கிடந்தன. அலுவலகத்தில் சோதித்தபோது நான்கு கருவிகளுக்கு முன்னாலும் ஆட்கள் நடந்துகொண்டே இருந்ததால் இது அகப்படவில்லை.

திருத்தப் பத்து நிமிடம் போதும். கிறேமர் அங்கே இல்லை. சத்தமில்லாமல் திருத்தினால் யாருக்கும் தெரியாது. ஆனால் வாசலில் இன்னொரு பேருந்து வந்து நின்றது.

"அண்ணை, கதவைச் சாத்துங்கோ. ஒருத்தரையும் விடாதேங்கோ."

"திரையிலை முந்நூறு எண்டு கிடக்கு. மண்டப மனேச்சர் கேட்டால் என்ன சொல்ல?"

"திரை பிழை. அதை எழுதினது நான். என்ரை பேரைச் சொல்லுங்கோ."

யாகோப்பு மற்ற வாசல்களுக்கும் வோக்கிடோக்கியில் சொன்னார். பேர்பெச்சுவா கிறேமருக்குத் தானே தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னார். "திருத்துங்கள்," என்று மட்டும் மறுமுனையிலிருந்து வந்தது. பேர்பெச்சுவா படிக்கட்டில் உட்கார்ந்து தட்டத் தொடங்கினார்.

"என்ன பிழையாம்?" யாகோப்புக்குப் பொறுக்கவில்லை.

"நாலு வாசலும் சொன்னால்தான் கூட்டும் அண்ணை. ஒண்டு பேசாட்டி மற்றது மூண்டும் காத்திருக்கும்."

"அட, எங்கடை ஆக்களேதான்! பெரியமாமா வரேல்லை எண்டு பொம்பிளை மாப்பிளையைக் கோயில் வாசல்லை நிக்க வைக்கிற கூட்டம்."

"சிரிப்பு மூட்டாதேங்கோ, கை தடுமாறுது."

"வராட்டி விட்டிட்டுத் தொடங்கிறதுதானே?"

"விடவும் ஏலாது. அந்த வாசலாலை வந்த ஆக்களும் உள்ளுக்கைதான் இருக்கினம். அது கடைசியாச் சொன்னதை வைச்சுக்கொண்டு கூட்டவேணும்."

அதைத்தான் எழுதினார். ஒவ்வொரு வாசலின் கடைசி எண்ணும் நினைவில் இருக்கும். எந்த வாசல் பேசினாலும் அதன் எண்ணை மட்டும் மாற்றி, நான்கையும் மறுபடி கூட்டும். நிரலை ஓடவிட்டார். செர்வர் மறுபடி இணைந்ததும் நான்கு கருவிகளும் தம்மிடமிருந்த எண்களை ஒருமுறை சொல்லின.

1,187.

"பதின்மூண்டு பேர்தான்!" என்று யாகோப்பு கதவைத் திறந்தார். பேருந்தில் வந்தவர்களில் பதின்மூவர் உள்ளே போனார்கள். மற்றவர்களுக்கு ஒருவர் வெளியே வந்தால் ஒருவர் உள்ளே.

திங்கட்கிழமை கிறேமர் அரை மணி நேரம் கேள்வி கேட்டார். அமைதியாக இருக்கும் வாசலை ஏன் சோதிக்கவில்லை? தோன்றவில்லை என்றார் பேர்பெச்சுவா. வேறு சாக்குச் சொல்லவில்லை. கடைசியில் கிறேமர் மேசை இழுப்பறையிலிருந்து சில தாள்களை எடுத்து நீட்டினார்.

"மண்டபத்தில் இருந்து அழைத்தார்கள். கதவை மூடச் சொன்ன அம்மாவே அடுத்த முறையும் வர வேண்டுமாம்."

வேலை ஒப்பந்தம். நான்கு பக்கத்தையும் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார். தன் மேசைக்கு வந்து ராசனை அழைத்தார்.

"வேலை நிரந்தரமாம்."

அந்தப் பக்கம் சட்டிகள் மோதும் சத்தம். "கேக்கேல்லை, உரத்துச் சொல்லும்!"

"நிரந்தரம் எண்டன்!"

அலுவலகத்தில் எல்லாத் தலையும் திரும்பியது.