காற்றைப் பார்த்து அடித்தவர்

திருப்பாதிரிப்புலியூர் பிரவுசிங் சென்டரில் என் பக்கத்து நாற்காலிக்காரர் ரசாயன ஆலைச் சீருடையோடு வந்து ஆன்லைனில் கோல்ஃப் ஆடுவார். திரையில் அம்புக்குறி காட்டும் காற்றுக்கு எதிராக நாற்காலியைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் பந்தை அடிப்பார்.

ஒரு மாலை ரசாயன வாடை கடைக்குள் புகுந்தது. ஆலைக்கு அருகே எங்கள் வீட்டில் அம்மா தனியாக இருந்தார். "வீட்ல அம்மா தனியா இருக்காங்க" என்று பதறி எழுந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் வாசலுக்குப் போய், கம்பத்தில் பறந்த கட்சிக்கொடியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"வூடு எங்க?"

"ஆலைக்குத் தெக்கால."

"காத்து தெக்கேருந்து வருது. நாத்தம் நமக்குதான். அவுங்களுக்கு ஒண்ணும் இல்ல."

போன் செய்தேன். "இங்க எந்த வாடையும் இல்லியே" என்றார் அம்மா. எனக்கு உயிர் வந்தது. நன்றி சொல்லத் திரும்பினேன். அதற்குள் அடுத்த பந்தை அடித்திருந்தார்; அது குளத்தில் விழுந்திருந்தது.

"இந்தக் காத்துதான் புடிபட மாட்டேங்குது" என்றார், திரையின் அம்புக்குறியைக் காட்டி.