முழு ஆளுக்கு முழுக் கிளாஸ்

தளி வண்டிக்காரர் சவரியப்பனுக்கு வாய் நீளம். வீம்பு அதைவிட நீளம். ஆனேக்கல் சந்தைக்கு ராகி ஏற்றிப்போனால், மைசூர் ராஜ்யத்துச் சாராயக்கடையில் இரண்டு கிளாஸ் போடாமல் திரும்பமாட்டார். எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் மதுவிலக்கு. குடித்துவிட்டுத் தள்ளாடினால் போலீஸ் உள்ளே தள்ளிவிடும். அவரோ வெற்றிலையை மென்றுகொண்டு, பூசை கண்டு வருகிறவர் மாதிரி எல்லைச் சாவடியைத் தாண்டிவிடுவார்.

வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ராகி மூட்டையைத் தனியாகத் தூக்கி வண்டியில் ஏற்றியவன் அன்றிலிருந்து முழு ஆள். முழு ஆளுக்கு முழுக் கூலி, முழுக் கிளாஸ். அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு சந்தை நாள் காலையில் மகன் அருள்ஜோசப் மூட்டையைத் தூக்கிவிட்டான். வயது பதினைந்து. அப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் கடையில் ஆளுக்கு இரண்டு கிளாஸ். முதலில் பையன் சிரித்தான். பிறகு நாக்கு குழறியது. அப்புறம் எழுப்ப எழுப்ப எழவில்லை, கை சில்லிட்டிருந்தது.

“அண்ணா, இங்கயே டாக்டர்கிட்ட தூக்கினு போலாம்” என்றான் கூட வந்த வண்டிக்கார வெங்கடப்பன்.

“நானும் அதே ரெண்டு கிளாஸ்தான் குடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே!”

“உன்னுது இருவது வருசமா ஊறுன ஒடம்பு. அவன் இன்னும் வளர்ற பையன். மூட்டை தூக்குனா கொடலும் முத்திப்போச்சா?”

சவரியப்பன் கேட்கவில்லை. தூங்கினால் தெளிந்துவிடும் என்றார். ஆனால் நிற்க முடியாதவனைச் சாவடி வழியாக எப்படிக் கொண்டுபோவது? வண்டியில் மாட்டுக்கு வாங்கிய வைக்கோல் இருந்தது. மகனை மல்லாக்கப் படுக்கவைத்து அதன்மேல் வைக்கோலைப் பரப்பினார். புத்தி அப்படிப் போயிற்று, பாவி மனிதனுக்கு.

சாவடியில் போலீஸ்காரர், “என்னய்யா பாரம்?” என்றார்.

“வெறும் வைக்கோலுங்க.”

அப்போது வைக்கோலுக்குள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. சவரியப்பன் “ஹேய்! ஹேய்!” என்று மாட்டை அதட்டி அந்தச் சத்தத்தை அமுக்கினார். போலீஸ்காரர் கையசைத்துவிட்டார்.

திருப்பம் கடந்ததும் வண்டியை நிறுத்தி வைக்கோலை வாரி எறிந்தார். பையனின் வாயும் மூக்கும் வாந்தியால் அடைத்திருந்தன. உதடு நீலம். விரலை விட்டு வழித்தார். கவிழ்த்துப்போட்டு முதுகில் அறைந்தார். “மாதாவே, மாதாவே” என்று கதறினார். பையன் அசையவில்லை.

வண்டியைத் திருப்பினார். எந்தச் சாவடிக்குப் பயந்தாரோ அதை நோக்கியே மாட்டை அடித்து விரட்டினார்.

“சார்! நான் குடிச்சிருக்கேன், என் மவனும் குடிச்சிருக்கான்! எங்க ரெண்டு பேரையும் புடிச்சிக்கோங்க! ஜீப்புல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க சாமி!”

போலீஸ்காரர் வண்டிக்குள் ஏறி, பையனின் மார்பில் கை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு இறங்கிவந்து, வழக்கு எதுவும் வேண்டாம், பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோ என்றார்.

“வழக்குப் போடுங்க சார்” என்று சவரியப்பன் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டே நின்றார்.