நானே போட்ட இரண்டு கையெழுத்துகள்

ஊசி போட்ட இடம் இரண்டு புஜத்திலும் சிவந்து தடித்திருந்தது. அரிப்பு தாங்கவில்லை. சாயங்காலத்துக்குள் காய்ச்சல் வந்தது, மூட்டெல்லாம் வலித்தது. நான்கு வருடங்களுக்கு முன், வெறிநோய்த் தடுப்பூசியின் இரண்டாம் தவணை போட்ட மறுநாள் அது.

குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் எனக்குப் பழக்கடை. ரம்புட்டானும் மங்குஸ்தானும் வைத்திருப்பவனுக்குக் குரங்குதான் முதல் வாடிக்கையாளர். அந்த வருடம் ஒன்று என் கெண்டைக்காலில் பிராண்டிவிட்டது. தென்காசியில் மருத்துவமனைக்குப் போனேன். அன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு தவணை. தேதிகளைக் கார்டில் எழுதித் தந்தார்கள். ஊசி போட்டதும் பக்கத்தில் நர்ஸ் கையெழுத்துப் போடுவார்.

ரேபீஸ் (வெறிநோய்) அறிகுறி தெரிந்த பிறகு வைத்தியம் கிடையாது. கடிபட்ட யாராவது இதைப் படித்தால், உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கும் அன்றே தெரியும். தெரிந்தும் அந்தக் காய்ச்சலுக்குப் பயந்தேன். இன்னொரு ஊசி போட்டால் படுத்துவிடுவேன், சாரல் சீசனில் கடை மூடிக் கிடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீசன் ஒரு சாக்கு. ஐம்பது வயது ஆள் ஊசிக்குப் பயந்தேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஏழாம் நாள் ஆஸ்பத்திரிக்கு என்று கிளம்பி, இலஞ்சியில் ஒரு டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பினேன். இருபத்தெட்டாம் நாளும் அதே டீக்கடை. நர்ஸின் கிறுக்கலைப் பார்த்து மீதி இரண்டு கட்டங்களிலும் நானே கையெழுத்துப் போட்டேன். என் மனைவி செல்வி அந்தக் கார்டை வாங்கி, ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தினாள்.

இத்தனைக்கும் அந்தக் காய்ச்சல் இரண்டே நாளில் தானாக விட்டுவிட்டது.

போன சீசனில் கூடையை இழுத்த குரங்கை விரட்டப் போனேன். வலது முன்கையில் கடித்துவிட்டது. பல் இறங்கி ரத்தம் வந்தது. செல்விதான் குழாயடியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினாள். கழுவி முடிக்கும்வரை குரங்குக்கும் எனக்கும் சேர்த்து ஏச்சு விழுந்தது. பிறகு ஆட்டோவில் தென்காசிக்குப் போனோம். அவள் மடியில் அந்தப் பிளாஸ்டிக் உறை இருந்தது.

டாக்டர் இளம் பெண். கார்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி நாலும் முழுசாப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

எனக்கு முன்னால் செல்வி சொன்னாள். "எல்லாம் போட்டாச்சு டாக்டர். மத்ததுல இவுக எப்படியோ, இதுல ஒரு தேதி தப்பலை. மேலுக்கு முடியாம இருந்தும் போயிட்டு வந்தாக."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"அப்போ பூஸ்டர் ரெண்டு போதும். இன்னைக்கு ஒண்ணு, மூணாம் நாள் ஒண்ணு. சீரம் வேண்டாம்."

பூஸ்டர் என்றால் ஏற்கெனவே முழுதாகப் போட்ட தடுப்பைத் தட்டி எழுப்பும் ஊசி. சீரம் என்பது இம்யூனோகுளோபுலின் (உடம்பு தானாக எதிர்ப்பை உண்டாக்கும்வரை காவல் நிற்கும் மருந்து, கடிவாயைச் சுற்றிப் போடுவார்கள்). தவணையைப் பாதியில் விட்டவனுக்கு ரத்தம் வந்த கடி என்றால் அது கட்டாயம். ஊசி அறைக்கு வெளியே சுவரில் அப்படித்தான் எழுதியிருந்தது. காத்திருந்தபோது இரண்டு முறை படித்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இந்த நோய் முற்றினால் தண்ணீரைக் கண்டாலே மிரட்சி வரும் என்பார்கள். அடுத்த இரண்டு நாளும் காலையில் எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தேன். இறங்கியது. இருபது வருடமாக அருவிச் சத்தத்தில் கடை நடத்துகிறவன், அந்தச் சத்தம் என் நெஞ்சை என்ன செய்கிறது என்று கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறிகுறி வர மாதக்கணக்கில்கூட ஆகலாம். இரண்டு நாளில் சொம்பு என்ன சொல்லிவிடும்?

மூன்றாம் நாள் கிளம்பும் நேரத்தில், பழம் வாங்க வந்த ஒரு பெண் என் கைக்கட்டைப் பார்த்து விசாரித்தாள். செல்வி பெருமையாகச் சொன்னாள். "எங்க வீட்டுக்காரரு பழைய ஊசியெல்லாம் ஒழுங்காப் போட்டிருந்தாக. கார்டும் இருந்துச்சு. அதான் ரெண்டு ஊசியோட போச்சு. நீங்களும் கார்டத் தொலைச்சிராதீங்க."

என் பொய்யை அவள் ஊருக்குப் புத்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அறையில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "டாக்டர், அந்தக் கார்டுல கடைசி ரெண்டு கையெழுத்தும் நான் போட்டது. ஊசி போடலை. காய்ச்சலும் அரிப்பும் வந்துச்சு, பயந்துட்டேன்."

செல்வியின் பக்கம் நான் திரும்பவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"காய்ச்சலும் அரிப்பும் ரெண்டு மூணு நாள்ல போயிரும். எங்ககிட்ட சொல்லியிருந்தா மாத்திரை தந்திருப்போம். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ உடனே வரணும். அப்பவும் நீங்களா நிறுத்தக்கூடாது, நாங்க பார்த்துச் சொல்லணும்." பிறகு தேதியைப் பார்த்தார். "முதல் ஊசி போட்டு ஏழு நாளைக்குள்ள சீரம் போடலாம். நல்லவேளை, இன்னைக்கே சொன்னீங்க."

கடிவாயைச் சுற்றி ஊசி இறங்கியபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். தடுப்பூசியும் முழுத் தவணை போட வேண்டும் என்று புதிய கார்டு தந்தார்கள்.

ஆட்டோவில் செல்வி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இலஞ்சி வரும்போதுதான் கேட்டாள்.

"அன்னைக்கு எங்கன போயி உக்காந்திருந்திய?"

டீக்கடையைக் காட்டினேன். ஆட்டோ கடந்து போகும்வரை அதையே பார்த்தாள்.

"உங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா, அந்தக் கார்ட வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?"

 

இந்த முறையும் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டேன், விட்டது. ஏழாம் நாள் செல்வியும் கூட வந்தாள். இருபத்தெட்டாம் நாள் கடையில் கூட்டம், தனியாகத்தான் போனேன். டீக்கடையைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டேன். திரும்பி வந்து, நர்ஸ் கையெழுத்துப் போட்ட கார்டை அவளிடம் நீட்டினேன்.

"கார்டு கெடக்கட்டும். கையக் காட்டுங்க."

பழம் வாங்க நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கச் சட்டைக் கையைச் சுருட்டினேன். முதல் முறை எதைப் பார்த்து ஓடினேனோ, அதே சிவப்புத் தடிப்பு. இப்போது எனக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான். அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு மற்றக் கையையும் பார்த்தாள்.

"வலிக்கா?"

"வலிக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குப் பழம் நிறுக்கப் போனாள்.

காலையில் இன்னும் சொம்பைத் தூக்கும்போது ஒரு கணம் நின்றுதான் குடிக்கிறேன். அந்த ஒரு கணம் முன்பு என் நாளில் இருந்ததில்லை. செல்வி அதைப் பார்க்கிறாள். தண்ணீர் இறங்கும்வரை பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறாள்.