ஸ்பேமில் கிடந்த வேலை

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பரமேஸ்வரியைத் தேடி ஒரு பெண் வந்தார். பெயர் கவிதா, போச்சம்பள்ளிக்காரர். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறார்.

"ஏங்க்கா, ரெண்டு மாசமா மெயிலே அனுப்ப மாட்டேங்கறீங்க?"

பரமேஸ்வரி திகைத்துப் போனார். விருதுநகரிலிருந்து வந்து இங்கே ஒரு தொழிற்சாலையில் எச்.ஆர். பிரிவில் இருப்பவர். எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று விசாரித்து, சனிக்கிழமைதோறும் வேலை தேடுபவர்களுக்கு ஈமெயிலில் பட்டியல் அனுப்புவார். ஒரு வாரம்கூடத் தவறியதில்லையே?

கவிதாவின் போனை வாங்கிப் பார்த்தார். அத்தனை கடிதங்களும் ஸ்பேமில், வேண்டாத கடிதங்களை ஒதுக்கும் இடத்தில்... வரிசையாக! அதில் ஒன்றில் கவிதாவுக்கென்றே அளவெடுத்தது போல ஒரு வேலை. இன்டர்வியூ முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

"பரவால்லீங்க்கா" என்றார் கவிதா. கண் கலங்கிவிட்டது.

நானாக இருந்தால் கம்ப்யூட்டரைத் திட்டியிருப்பேன். பரமேஸ்வரி தன் கடிதத்தைத்தான் எடுத்துப் பார்த்தார். 'அவசரம்! உடனே விண்ணப்பியுங்கள்!!!' என்று தலைப்பு.

"மோசடிக்காரன் எழுதுன மாதிரில்ல இருக்கு சார்..." என்றார் என்னிடம்.

தலைப்பை மாற்றினார். ஐ.டி. பிரிவு நண்பரைப் பிடித்து, கடிதம் தன்னிடமிருந்துதான் வருகிறது என்பதற்கான சான்றை செட்டிங்கில் சேர்த்தார். அதோடு விட்டிருக்கலாம்தானே?

விடவில்லை. கடிதம் பெறும் ஒவ்வொருவருக்கும் போன்! தினமும் ஷிப்ட் முடிந்து வந்ததும் உட்காருவார். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று ஆளுக்கு ஏற்றபடி மாறுவார். "ஸ்பேம்ல கெடந்தா இன்பாக்ஸுக்கு மாத்திக்கிடுங்க. வேண்டாம்னா சொல்லுங்க, பேரை எடுத்துருதேன்."

ஒருவர் எரிந்து விழுந்தார். "வேல கெடச்சு ஒரு வருசமாச்சுங்க. நிறுத்தறதுக்கு வழியே வெக்கல நீங்க. அதான் வர்றப்பல்லாம் ஸ்பேம்னு அமுக்கறேன்!"

ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். இவரைப் போலப் பலர் அமுக்கியதும் சேர்ந்துதானே கவிதாவின் கடிதம் ஸ்பேமில் போய் விழுந்திருக்கிறது? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

பரமேஸ்வரிக்கு வரவில்லை. "தப்பு எம்மேலதான் சார். வேல கெடச்சதே சந்தோசம்" என்றார். கடிதத்தின் தொடக்கத்திலேயே, கண்ணில் படும்படி, 'இனி வேண்டாம்' என்று ஒரு பட்டனை வைத்தார். பாதிப் பேர் போய்விட்டார்கள். எனக்குத்தான் பதறியது. "நெறையப் பேருக்கு வேல கெடச்சிருச்சு போல" என்று அவர் சிரித்தார்.

அசந்து போனேன். முகம்கூடத் தெரியாதவர்கள்... அவர்களில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஒரு மனம் வேண்டாமா?

அடுத்த சனிக்கிழமை கவிதாவின் போன். "வந்துருச்சுங்க்கா! இன்பாக்ஸ்லயே!" அந்தக் கடிதத்தில் பார்த்து விண்ணப்பித்த கம்பெனியில்தான் போன திங்கள்கிழமை வேலைக்குச் சேர்ந்தார்.

நானும் எத்தனையோ வருடமாக வாராவாரம் உங்களுக்கு இந்தப் பத்தியை எழுதுகிறேன். 'உங்களுக்கு இது வேண்டுமா?' என்று ஒருமுறையாவது கேட்டிருக்கிறேனா?

கேட்கத்தான் வேண்டும் – கொஞ்சம் தைரியம் வரட்டும்!