பெண் பார்க்க வந்த அன்று வீசிய நாற்றம்

சில வருடங்களுக்கு முன், சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொண்டாமுத்தூர் பக்கம் தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிற எங்கள் வீட்டுக்கு, மகளைப் பெண் பார்க்க அவிநாசியிலிருந்து ஒரு பையன் வீட்டார் வருவதாக இருந்தது.

அதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் "சொல்லி அனுப்பறோமுங்க" என்று போனவர்கள்தான். பதிலே வரவில்லை. இந்தப் பையனின் போட்டோவை மட்டும்தான் மகள் மறுபடியும் கேட்டு வாங்கிப் பார்த்தாள். இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று எனக்கு ஒரே பதற்றம். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் வேறு.

முந்தின வாரம் நல்ல கோடை மழை. அன்று காலையில் பின்கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு நாற்றம். ஏதோ செத்து அழுகிய வாடை.

"எலிதான் எங்கியோ செத்துக் கெடக்குது" என்றார் என் வீட்டுக்காரர்.

பரண் மேலிருந்த பாத்திரங்கள் இறங்கின. அரிசி மூட்டையும் பீரோவும் நகர்ந்தன. எலியைக் காணோம். மதியத்துக்கு மேல் வாடை இன்னும் அதிகமானது.

"ஏனுங்க, நல்ல காரியத்தன்னைக்குப் பொண வாடை அடிக்குது. இன்னொரு நாள் வாங்கன்னு போன் பண்ணிப்போடலாமுங்களா?"

"தள்ளி வெச்சா நமக்கு இஷ்டமில்லைன்னு நெனச்சுக்குவாங்க. சாம்பிராணியப் போடு."

போட்டேன். பினாயிலும் ஊற்றினேன், ஊதுபத்தியும் கொளுத்தினேன். எல்லாம் சேர்ந்து அது ஒரு புது நாற்றமாக ஆனது.

நாலரைக்கு ராகு காலம் என்பதால் அதற்கு முன்பே வந்துவிட்டார்கள். பையன், அவனுடைய அம்மா, அப்பா. உள்ளே கால் வைத்ததும் மூன்று பேர் முகமும் சுருங்கி, உடனே சிரித்துக்கொண்டது. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. வந்த வீட்டில் குறை சொல்லிவிட மாட்டார்கள்.

"காத்து நல்லா வருதுங்க" என்றார் பையனின் அப்பா, மூக்கைத் துடைப்பதுபோல் கர்ச்சீப்பால் பொத்திக்கொண்டு.

"ஆமாங்க, மலைக்காத்துங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

கேசரியை யாரும் தொடவில்லை. இதுவும் "சொல்லி அனுப்பறோமுங்க" தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மகள் காபித் தட்டோடு வந்தாள். கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியவள் அங்கேயே நின்றாள்.

"காலையிலிருந்து செத்த எலியத் தேடிட்டு இருக்கறோமுங்க, இன்னும் கெடைக்கலீங்க. மூக்கப் பிடிச்சுக்கிட்டே குடிங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு பையனின் அம்மா பட்டுச்சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தார்.

"அப்பாடா, நீயாவது சொன்னியே கண்ணு! மூச்சடக்கி மூச்சடக்கி எனக்கு நெஞ்சே வலிக்குது. வாங்க, எல்லாருமாத் தேடுவோம்."

பின்பக்கம் போன பையன்தான் கூப்பிட்டான். துவைக்கிற கல்லுக்குப் பின்னால், தரையோடு தரையாக, முறம் அகலத்துக்கு ஒரு பூ விரிந்திருந்தது. கருஞ்சிவப்பு நிறம். நடுவில் சுருக்கம் விழுந்த பெரிய குமிழ். அதைச் சுற்றி ஒரே ஈ.

"அட, சேனைக்கிழங்குப் பூ!" என்றார் அவனுடைய அம்மா.

எப்போதோ கிழங்கு நறுக்கியபோது முளைக்கிற துண்டை நான் அங்கே வீசியிருந்தேன். வருடா வருடம் குடை மாதிரி இலை வந்து காயும். அது பூக்கும் என்றே எனக்குத் தெரியாது.

பையன் போனில் ஒரு படத்தை மகளுக்குக் காட்டினான். "மலேசியாக் காட்டுல இதவிடப் பெரிய பூ ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு இலை, தண்டு எதுவும் கிடையாது. இன்னொரு கொடிக்குள்ள ஒட்டிக்கிட்டு அதோட சத்த உறிஞ்சியே வாழும். பூ மட்டுந்தான் வெளிய வரும். அதுவும் இதே நாத்தந்தான்."

"அங்கயும் யாராச்சும் பீரோவ நகர்த்திப் பாத்திருப்பாங்களா?"

அவன் சிரித்த சிரிப்பில் ஈயெல்லாம் எழுந்து பறந்தது.

அதற்குள் ராகு காலம் வந்துவிட்டது. அது முடிகிறவரை கிளம்ப முடியாது என்று வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். கேசரித் தட்டு காலியானது. போகும்போது பையனின் அம்மா பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து மகள் தலையில் வைத்தார். எங்கள் பக்கம் பூ வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். "இந்தப் பூவையும் கொஞ்சம் மோந்து பாரு அம்மணி" என்றார்.

வீட்டுக்காரர் மறுநாளே மண்வெட்டியை எடுத்தார். நான் தோண்ட விடவில்லை.

இப்போது மகள் அவிநாசியில் இருக்கிறாள். இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். போன சித்திரையில் மழைக்குப் பிறகு மறுபடியும் அந்த வாடை வந்தது. உடனே மகளுக்குப் போன் செய்து, "பூத்துருச்சு சாமி" என்றேன். "மூக்கப் பிடிச்சுக்கிட்டுப் பேசும்மா" என்றாள்.

மனதில் ஏதாவது உறுத்தினால் இப்போதெல்லாம் நான் சாம்பிராணி போட்டு மூடுவதில்லை, கூச்சத்தோடாவது சொல்லிவிடுகிறேன். ஆனாலும் கோடை மழை பெய்த மறுநாள் காலையில் பின்கதவைத் திறந்து, அந்த வாடை வருகிறதா என்று மூச்சை நன்றாக இழுக்கும்போது, காபித் தட்டோடு நிற்கிற என் மகளைத்தான் தேடுகிறேன்.